வீடு மாறும்போது நெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒன்பது வருடத்தில் ஐந்து வாடகை வீடு மாறியிருக்கிறேன். பீரோ, ஃபிரிட்ஜ், அம்மாவின் அம்மி எல்லாம் ஒரே வேனில் ஒரே நாளில் வந்து இறங்கிவிடும். இன்டர்நெட் மட்டும் வேனில் ஏறாது. ஒரு வீட்டில் நாலு மணி நேரத்தில் வந்தது, இன்னொரு வீட்டில் 23 நாள் ஆனது. அதனால் இப்போது சொந்தத்தில் யார் வீடு மாறினாலும் முதல் போன் எனக்குத்தான். ஆளாளுக்குச் சொல்லி அலுத்துப்போய், கேட்கிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே போட்டுவிட்டேன்.

நெட்டுக்கு எப்போது ஏற்பாடு பண்ண ஆரம்பிக்க வேண்டும்?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால். சாமான் இறக்கிய பிறகு அல்ல.

வீடு பார்க்கப் போனால் மெட்ரோ வாட்டரா போர் தண்ணீரா, ஈபி மீட்டர் தனியா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். நெட்டைப் பற்றிக் கேட்டால் புரோக்கர் "அதெல்லாம் இங்க எல்லாம் வரும் சார்" என்பார். அவர் சொல்வதை விடுங்கள். மொட்டை மாடிக்கு ஏறி, தெருக் கம்பத்திலிருந்து கட்டடத்துக்குள் வரும் கறுப்புக் கம்பிகள் எத்தனை என்று பாருங்கள். பிறகு எதிர் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று விஷயம் கேளுங்கள்: யாருடைய நெட், கடைசியாக எப்போது அறுந்தது, அறுந்தால் எத்தனை நாளில் ஆள் வந்தார். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். வேகம், விலை எல்லாம் எல்லாக் கம்பெனியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தத் தெருவுக்கு வரும் லைன்மேன் ஆளுக்கு ஆள் வேறு.

பின்கோடு போட்டால் "உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்று காட்டியது. ஆள் வந்து பார்த்துவிட்டு முடியாது என்கிறாரே?

வெப்சைட் சொல்வது பகுதியைப் பற்றி, ஆள் சொல்வது உங்கள் சுவரைப் பற்றி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது முப்பது நாற்பது மீட்டர் கம்பிதான். வீடு மாறுகிறவர்களின் பாதித் துன்பம் அந்த நாற்பது மீட்டரில் இருக்கிறது.

ஃபைபர் வேலை செய்யும் விதம் இது. கம்பெனியின் நிலையத்திலிருந்து வரும் ஒரே கண்ணாடி இழையை, வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சின்னக் கருவி எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று பிரிக்கிறது. கம்பத்திலோ மாடிச் சுவரிலோ தொங்கும் பெட்டிக்குள் அந்தப் பிரிவுகள் முடிகின்றன. ஒரு வீட்டுக்கு ஒரு போர்ட், அதாவது கம்பி செருகும் ஓர் இடம். எட்டு போர்ட்டும் நிறைந்துவிட்டால் ஒன்பதாவது வீட்டுக்கு வழி இல்லை. கம்பெனி இன்னொரு பெட்டி வைக்க வேண்டும், அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். இதை "போர்ட் ஃபுல்" என்பார்கள். இன்னொரு தடங்கல், பெட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது. பெரிய சாலைக்குக் குறுக்கே கம்பி இழுக்க லைன்மேன்கள் தயங்குவார்கள். உயரமான லாரி ஒன்று போனால் அறுந்துவிடும், திரும்ப வந்து கட்டவேண்டியவரும் அவரே.

என் 23 நாள் கதை இந்த போர்ட் ஃபுல்தான். யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கஸ்டமர் கேர் "48 மணி நேரத்தில்" என்றது. ஆப்பில் "டெக்னீஷியன் புறப்பட்டுவிட்டார்" என்று வந்தது. ஒருநாள் முழுக்க வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், சாயங்காலம் "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று புகாரை மூடினார்கள். இப்படி மூன்று தடவை. பதினெட்டாம் நாள் டீக்கடையில் ஏணியோடு நின்ற ஒருவரைப் பிடித்துக் கேட்டபோது, "உங்க கம்பத்துல இடமே இல்ல சார், அதான் யாரும் வரல" என்றார். முதல் நாளே சொல்லியிருந்தால் வேறு கம்பெனிக்குப் போயிருப்பேன். கடைசியில் தெருக்கோடி கேபிள்காரர் மூலம் வேறு இணைப்பு வந்தது.

பாடம் சுருக்கம்: பணம் கட்டும் முன், "ஆள் வந்து பெட்டியைப் பார்த்து போர்ட் இருக்கிறது என்று சொன்னாரா?" என்று கேளுங்கள். "சிஸ்டத்தில் காட்டுது சார்" என்றால் இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பழைய இணைப்பையே புது வீட்டுக்கு மாற்றுவதா, புதிதாக எடுப்பதா?

ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகப் பணம் கட்டி பாதி மீதி இருந்தால் ஷிஃப்டிங் கேளுங்கள். மாதாமாதம் கட்டுபவராக இருந்தால் புது இணைப்பே பெரும்பாலும் மலிவு. புதிதாக வருகிறவருக்கு இன்ஸ்டாலேஷன் இலவசம், ரூட்டர் இலவசம், ஒரு மாதம் கூடுதல் என்று தாம்பூலம் வைத்து அழைப்பார்கள். ஆறு வருடம் ஒழுங்காகப் பணம் கட்டியவர் வீடு மாறினால் ஷிஃப்டிங் சார்ஜ் கேட்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும்.

லேண்ட்லைன் எண்ணும் இருந்தால் வேறு கணக்கு. மொபைல் எண்ணைப்போல லேண்ட்லைன் எண்ணை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகும் வசதி இந்தியாவில் இல்லை. அப்பா இருபது வருடமாக எல்லோருக்கும் கொடுத்து வைத்த எண் என்றால், அதே கம்பெனியில் ஷிஃப்டிங் கேட்பதுதான் வழி. தூரமான பகுதிக்குப் போனால் அப்போதும் எண் மாறக்கூடும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எதைச் செய்தாலும், புது வீட்டில் பச்சை விளக்கு எரியும்வரை பழையதை மூடாதீர்கள்.

மொத்தத்தில் எவ்வளவு செலவாகும்?

விளம்பரத்தில் இருக்கும் எண்ணோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். 399 என்றால் 471, 699 என்றால் 825. இதோடு நின்றால் யாரும் என்னிடம் கேட்கப்போவதில்லை.

கடைசியாக மாறிய வீட்டுக்கு ஆன செலவை டைரியில் எழுதி வைத்தேன். 699 ரூபாய்த் திட்டம், மூன்று மாதம் முன்பணம், வரியோடு 2,474. இன்ஸ்டாலேஷன் இலவசம், ஆனால் "ஆக்டிவேஷன்" என்று 500, அதற்கும் வரி, ஆக 590. கம்பி இலவசமாக வருவது ஓர் அளவுவரைதான். எங்கள் வீடு பின்கட்டு, இருபது மீட்டர் கூடுதல் என்று வந்தவர் 300 கேட்டார், பில் கிடையாது. காத்திருந்த நாட்களில் மொபைல் டேட்டா பேக் 420. கரண்ட் போனால் ரூட்டரும் போகிறதென்று சின்ன யூபிஎஸ் 1,350. கூட்டினால் 5,134 ரூபாய். 699 என்று பேசி ஏறிய ஆட்டோவில் இறங்கும்போது மீட்டர் காட்டிய தொகை.

இதில் தவிர்க்கக்கூடியவை ஆக்டிவேஷனும் கூடுதல் கம்பியும். ஆக்டிவேஷன் தொகை, நீண்டகாலத் திட்டம் எடுத்தால் பல கம்பெனிகளில் தள்ளுபடி ஆகும். ஆனால் புதுத் தெருவில் அந்தச் சேவை எப்படி என்று தெரியாமல் ஒரு வருடப் பணம் கட்டாதீர்கள். முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். கூடுதல் கம்பிக்குப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், அல்லது கம்பெனி ஆப் மூலம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். பாதிப் பேர் அதற்குமேல் கேட்கமாட்டார்கள். வெயிலில் ஏணி ஏறி நல்லபடியாக வேலை செய்தவருக்கு நீங்களாக நூறு ரூபாய் கொடுப்பது வேறு விஷயம்.

சுவரில் ஓட்டை போடக்கூடாது என்கிறார் ஹவுஸ் ஓனர்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. குடித்தனம் மாறும்போதெல்லாம் ஒரு ஓட்டை என்றால் பத்து வருடத்தில் சுவர் சல்லடைதான்.

ஓட்டை தேவைப்படாத வழிகள் நிறைய. ஏசி குழாய் போகும் துளையில் ஃபைபர் நுழையும். பழைய டிவி கேபிள் வந்த துளை அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. கொசுவலை ஓரத்தில் நுழைத்து ஜன்னல் சட்டத்தோடு ஒட்டலாம். ஜன்னல் கதவு கம்பியை நசுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது தலைமுடி தடிமனில் கண்ணாடி. சட்டென்று மடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ஒளி கசியும். சுருட்டி வைப்பதானால் வளையல் அளவுக்குக் குறையாமல் சுருட்டுங்கள்.

முந்தைய குடித்தனக்காரரின் கம்பி தொங்குகிறதா என்றும் பாருங்கள். அது எந்தக் கம்பெனியுடையது என்று தெரிந்தால், அதே கம்பெனியில் இணைப்பு எடுப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம்.

அப்பார்ட்மெண்ட்டில் ஒரே ஒரு கம்பெனிதான் என்கிறது அசோசியேஷன்.

பல இடங்களில் இது நடக்கிறது. காரணம் சில சமயம் நேர்மையானது: கம்பி, குழாய் போகும் ஷாஃப்டில் இடமில்லை, ஆளாளுக்குக் கம்பி இழுத்துத் தொங்கவிட்டால் கட்டடம் பார்க்கச் சகிக்காது. சில சமயம் அப்படி இல்லை, அந்தக் கம்பெனி கிளப் ஹவுஸுக்கு இலவச நெட் கொடுத்திருக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் கட்டடங்களுக்கு இணைய வசதியை வைத்து நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறையைக் கொண்டுவந்தது. புது புராஜெக்ட்டில் வீடு வாங்குகிறவர்கள் பில்டரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம். வாடகைக்கு இருப்பவருக்கு உடனடிப் பலன் இல்லை.

வாடகைக்காரர் சொன்னால் அசோசியேஷன் காதில் ஏறாது. ஓனர் மூலமாகக் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே பிளாக்கில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேட்டால் கம்பெனியும் பெட்டி வைக்க வரும், செயலாளரும் இறங்கி வருவார்.

கம்பியே வேண்டாம், ஏர்ஃபைபர் எடுத்துவிடலாமா?

2023-இல் ஏர்டெல்லும் ஜியோவும் கொண்டுவந்தார்கள். 5ஜி சிக்னலை மாடியிலோ ஜன்னல் பக்கமோ வைக்கும் கருவி வாங்கி உள்ளே வைஃபையாகத் தரும். தெருக் கம்பியை நம்பி இருக்க வேண்டாம் என்பதால் சீக்கிரம் பொருத்திவிடுவார்கள். போர்ட் ஃபுல் ஆன தெருவில் இதுதான் மாற்று. ஆனால் டவர் நெரிசல் உங்களையும் பாதிக்கும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேகம் குறைவதை நானே பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு என் ஓட்டு ஃபைபருக்கே. மொட்டை மாடியில் கருவி வைக்க ஓனர் அனுமதியும் வேண்டும், மறக்காதீர்கள்.

எத்தனை எம்பிபிஎஸ் வேகம் எடுப்பது?

அரசுக் கணக்கில் 2023 முதல் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வந்தாலே அது பிராட்பேண்ட். நடைமுறைக்கு அது போதாது. ஹெச்டி படத்துக்கு ஒரு டிவிக்கு 5 எம்பிபிஎஸ் போதும். இரண்டு பேர் வீட்டிலிருந்து வேலை, ஒரு பிள்ளை, ஒரு டிவி என்றால் 50 தாராளம். 300 வாங்கி, ரூட்டரைச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் வைத்து, படுக்கையறையில் வரவில்லை என்று புலம்புபவர்களைத் தெரியும்.

என்னென்ன பேப்பர் கேட்பார்கள்?

ஆதார், வாடகை ஒப்பந்தம், ஒரு போட்டோ. ஒப்பந்தம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் ஓனரின் ஈபி ரசீது பல இடங்களில் ஓடும். ஜெராக்ஸ் கொடுத்தால் அதன்மேல் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று தேதியோடு குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

ஆள் வரும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

ரூட்டர் எங்கே என்று முந்தின நாளே முடிவு செய்யுங்கள். வந்தவருக்கு வாசலை ஒட்டிய மூலைதான் சௌகரியம், ஏனென்றால் கம்பி மிச்சம். உங்களுக்கு வேண்டியது வீட்டின் நடு, தலை உயரம், பக்கத்தில் பிளக். அவர் ஆணி அடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

இணைத்ததும், "பவர் எவ்வளவு வருது அண்ணா?" என்று கேளுங்கள். கையிலிருக்கும் மீட்டரில் மைனஸ் இருபதைச் சுற்றி ஓர் எண் காட்டும். அது வரும் ஒளியின் பலம், டிபிஎம் என்ற அளவில். மைனஸ் 18, மைனஸ் 21 என்றால் நிம்மதி. மைனஸ் 27 வந்தால் இழையை இணைத்து ஒட்டிய இடத்தில் ஏதோ கோளாறு. இன்றைக்கு ஓடும், முதல் மழைக்கு நிற்கும். மறுபடி ஒட்டித் தரச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே, விஷயம் தெரிந்த வீடு என்று வேலையில் ஒரு சுத்தம் வந்துவிடும். எண்ணை ரூட்டர் அடியில் எழுதி வையுங்கள், பிறகு பழுதானால் ஒப்பிட உதவும்.

ஃபைபர் முனையில் பச்சை, நீலம் என்று இரண்டு வகை பிளக் உண்டு. பச்சை முனை சாய்வாகச் சீவியிருக்கும், நீலம் அப்படி இல்லை. ஒன்றை மற்றதற்கான இடத்தில் செருகினால் உள்ளே போகும், ஆனால் ஒளி சரியாகப் போகாது. வீடு துடைக்கும்போது கழன்றால் நிறம் பார்த்துச் செருகுங்கள். ரூட்டரில் 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பலனில்லை, புகார் கொடுங்கள்.

கடைசியில் ஓடிபி கேட்பார். அது வேலை முடிந்தது என்று நீங்கள் போடும் கையெழுத்து. எல்லா அறையிலும் வைஃபை பார்த்து, பாஸ்வேர்டை மாற்றி, அதன்பிறகே சொல்லுங்கள். "அடுத்த வேலைக்கு நேரமாச்சு, ஓடிபி மட்டும் சொல்லிடுங்க, நாளைக்கு வந்து முடிச்சிடறேன்" என்றால் நாளைக்கே சொல்வதாகச் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

பழைய இணைப்பை மூடிய பிறகும் பணம் பிடிக்கிறார்கள்.

கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோபே இன்னும் உயிரோடு இருக்கிறது. இதைக் கம்பெனியிடம் கெஞ்ச வேண்டாம், உங்கள் வங்கி ஆப்பிலோ யூபிஐ ஆப்பிலோ நீங்களே ரத்து செய்யலாம். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்பவேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதியும் இருக்கிறது, அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

ரூட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது, வந்தவர் கையில் அதைப் பிடித்திருக்கும் போட்டோ, அதிலுள்ள சீரியல் எண், ஒப்புகை ஆகிய மூன்றும் உங்களிடம் இருக்க வேண்டும். என் தம்பி இவை இல்லாமல் கொடுத்துவிட்டு, நாலு மாதம் கழித்து "ரூட்டர் வரவில்லை, டெபாசிட் கழிக்கப்பட்டது" என்று மெயில் வாங்கினான்.

வருகிறேன், வருகிறேன் என்று இழுத்தடித்தால் யாரிடம் போவது?

டிராயிடம் நேரே போகமுடியாது, தனி மனிதர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. முதல் படி கம்பெனியின் புகார் மையம். பேசியதோடு விடாமல் புகார் எண் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் பேசவே இல்லை என்றுதான் கணக்கு. அங்கே தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. கட்டணம் இல்லை, 30 நாளுக்குள் போட வேண்டும், அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நெட்டுக்காக 39 நாளா என்று கேட்பீர்கள். உண்மைதான், இந்த வழி பணத்தைத் திரும்ப வாங்க உதவும், கம்பியை வரவழைக்க உதவாது.

கொஞ்சம் வேகமாக நகர 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கிருந்து போகும் புகாருக்குக் கம்பெனிகள் ஓரளவு மரியாதை தருகின்றன. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். தொலைத்தொடர்பு வழக்கு இங்கே வராது என்று முன்பு கம்பெனி வக்கீல்கள் வாதாடுவார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

எந்த மாதத்தில் மாறினால் சீக்கிரம் கிடைக்கும்?

ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள், மார்கழியிலும் மாட்டார்கள். லைன்மேன்கள் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் மாதங்கள் அவைதான். ஆவணியும் தையும் பிறந்தால் முகூர்த்த நாளுக்கு முகூர்த்த நாள் வேன் ஓடும், அந்த வாரம் ஒருவருக்குப் பத்து வீடு. பள்ளி திறக்குமுன் மே மாதக் கடைசியும் அப்படித்தான். சாஸ்திரம் பார்க்காதவர்களுக்கு ஆடி யோகம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மாறாதீர்கள், ஈரத்தில் ஃபைபர் ஒட்டும் வேலை நிற்கும். இருக்கிற இணைப்புகளே அறுந்து கிடக்கும்போது புது இணைப்புக்கு யார் வருவார்?

ஊர்ப்பக்கம் திரும்பிப் போகிறேன். அங்கே?

பெரிய கம்பெனி விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாமல், முதலில் ஊரில் டிவி கேபிள் நடத்துபவரைப் பாருங்கள். பிஎஸ்என்எல் ஃபைபரையும் பல ஊர்களில் உள்ளூர் பங்குதாரர்கள்தான் இழுத்துத் தருகிறார்கள். அவருக்கு உங்கள் அப்பாவைத் தெரிந்திருக்கும், அதுவே பாதிச் சேவை உத்தரவாதம். தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோக மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழக அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகம்வரை கம்பி வந்துவிட்டதா, அங்கிருந்து வீடுகளுக்கு யார் கொடுக்கிறார் என்று அலுவலகத்திலேயே விசாரியுங்கள்.

பால் காய்ச்சும் நாளன்றே நெட் வேண்டும். நடக்குமா?

ஒருமுறை நடந்தது. அட்வான்ஸ் கொடுத்த அன்றே, ஹால் ஜன்னலோரம் முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன கம்பி சுருட்டி டேப் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்து வைத்திருந்தேன். கம்பியின் மேல் கம்பெனிப் பெயரும் அடித்திருந்தது. பால் காய்ச்சுவதற்கு முந்தின வாரமே அந்தத் தெரு லைன்மேன் எண்ணை எதிர் வீட்டில் வாங்கி, போர்ட் காலியா என்று கேட்டு, அன்று காலை எட்டரைக்கு வரச் சொன்னேன். பதினொன்றுக்கு வந்தார். பால் பொங்கி, கேசரி சாப்பிட்டு, முனையை மட்டும் புதிதாக ஒட்டி, மைனஸ் 19 என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டரைக்குக் கிளம்பினார். சாமான் வேன் அப்போதுதான் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.